பால்காரருக்கு விற்ற ஸ்கூட்டர் இன்னும் உங்களுடையதுதான்

இந்தச் சட்ட ஆலோசனைப் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று கையால் எழுதப்பட்டது. ஆறு பக்கம், இடது ஓரத்தில் மார்ஜின் விட்டு, பத்திக்குப் பத்தி எண் போட்டு. இரண்டாவது வரியைப் படிக்கும்போதே எழுதியவர் அரசு அலுவலகத்தில் இருந்தவர் என்று தெரிந்துவிட்டது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 69. பதிவுத்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2015இல் சார்பதிவாளராக ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும் மனைவியும்தான். மகன் பெங்களூரில். மாலை 6:30க்கு மனைவி டிவி முன்னால் உட்கார்ந்தால் 9:30 வரைக்கும் சீரியல். இவருக்கோ 8 மணிக்கு அரசியல் விவாதம் பார்த்தாக வேண்டும். ரிமோட் கிடைக்காத கோபத்தில் வராண்டாவுக்கு வந்து போனைக் கையில் எடுக்கிறார். ஓய்வு பெற்ற நண்பர்கள் 180 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு இவர்தான் அட்மின். அங்கே இவர் அனுப்பிய ஓர் அரசியல் 'நியூஸ் கார்டு' பொய் என்று தெரியவந்து, பழைய சகா ஒருவர் போலீசில் புகார் கொடுப்பேன் என்கிறார். "பென்ஷனே போய்விடும் அப்பா" என்று மகன் வேறு பயமுறுத்துகிறார். டிவி விவாதங்களில் பொய் பேசுகிறவர்கள் மேல், கேபிளுக்கு மாதம் 320 ரூபாய் கட்டுகிற நுகர்வோர் என்ற முறையில் வழக்குப் போட முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அடுத்தது கார். 2011 நவம்பரில் வாங்கிய பெட்ரோல் கார். கிளட்ச் போய்விட்டது என்று ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் விட்டிருக்கிறார். 14,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். பில் வந்ததோ 38,450. கேட்டால், "எத்தனால் கலந்த பெட்ரோலால் ஃப்யூவல் பம்ப் போயிடுச்சு, இன்ஜெக்டரும் அடைச்சிருக்கு சார், எல்லாம் சேர்த்துப் பார்த்தோம்" என்கிறார்கள். பணம் கட்டாமல் சாவி இல்லை. 43 நாளாகக் கார் அங்கேயே நிற்கிறது. திருட்டு வழக்குக் கொடுக்கலாமா என்பது முக்கியமான கேள்வி. வருகிற நவம்பரோடு காருக்கு 15 வருடம் முடிகிறதே, அரசாங்கம் எடுத்து உடைத்துவிடுமா? அடுத்த வருடம் எனக்கு 70, லைசென்ஸ் தர மாட்டார்களாமே? இவை துணைக் கேள்விகள்.

ஐந்தாம் பக்கத்தில், நடுவே, கேள்வியாக அல்லாமல் பேச்சுவாக்கில் ஒன்று எழுதியிருக்கிறார்: "என்னுடைய 2004 மாடல் ஸ்கூட்டரை 2018இல் எங்கள் பால்காரருக்கு 6,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டேன், பெயர் மாற்றிக்கொண்டிருப்பார். போன வாரம் அவருடைய மகன், பத்தாவது படிக்கிறான், அதில் கேன் கட்டிக்கொண்டு போனான். என்னைப் பார்த்துக் கையசைத்தான். இந்தக் காலத்து வண்டி இப்படி உழைக்குமா!"

ஐயா, வணக்கம். நீங்கள் எண் போட்டுக் கேட்ட கேள்விகள் எதுவும் எனக்குப் பெரிய கவலை தரவில்லை. எண் போடாமல் விட்ட அந்த ஐந்து வரிதான் தந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்கூட்டர் யாருடையது?

நீங்கள் எத்தனை ஆயிரம் கிரயப் பத்திரங்களைப் பதிவு செய்திருப்பீர்கள்! "பணம் கொடுத்துட்டேன் சார், நிலத்துல நான்தான் பயிர் வைக்கிறேன், அப்புறம் எதுக்குப் பத்திரம்?" என்று கேட்டு வந்தவர்களுக்கு எத்தனை முறை பாடம் எடுத்திருப்பீர்கள். அதே பாடத்தை இப்போது நான் உங்களுக்கு எடுக்க வேண்டியிருக்கிறது.

வண்டி விஷயத்தில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. பணம் வாங்கி வண்டியைக் கையில் கொடுத்துவிட்டால், விற்பனை என்ற அளவில் அது முடிந்துவிடும். ஆனால் விபத்து என்று வரும்போது மோட்டார் வாகனச் சட்டம் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்க்கும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஒரு கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து வேறொருவருக்கு என்று கைமாறிக்கொண்டே போயிருந்தது. யாரும் பெயர் மாற்றவில்லை. கடைசியில் விபத்து நடந்தபோது நஷ்டஈட்டுப் பொறுப்பு, எப்போதோ விற்றுவிட்டுப் போன முதல் ஆளின் தலையில் விழுந்தது. அடிபட்டவர், வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான்.

உங்கள் ஸ்கூட்டருக்கு 2019லேயே 15 வருடப் பதிவு முடிந்திருக்கும். 6,000 ரூபாய் வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்டி யாராவது வைத்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி யார் மேலாவது மோதினால், விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் போடும் தொகையைக் கட்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி வராது. உங்கள் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும். அது பத்தாயிரம் இருபதாயிரத்தில் முடிகிற தொகையாக இருக்காது.

இன்னொன்று அந்தப் பையன். பத்தாவது படிக்கிறான் என்றால் 15 வயது இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். நீங்களோ தெரியும் என்று உங்கள் கையாலேயே எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்!

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. முதலில் மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் ஸ்கூட்டர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும், ஆனால் அது உங்கள் பெயரா இல்லையா என்று கண்டுபிடிக்க அது போதும். பதிவு, இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பெயர் மாறியிருந்தால் நிம்மதி. மாறவில்லை என்றால் இரண்டு வழி. பால்காரர் வண்டியை வைத்துக்கொள்ள விரும்பினால், பதிவைப் புதுப்பித்து, படிவம் 29, படிவம் 30 இரண்டையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு ஏதாவது கட்டணம் கேட்டால் கட்டிவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஸ்கூட்டரின் விலையைத் தாண்டும் என்றே நினைக்கிறேன். அதனால் நானாக இருந்தால் இரண்டாவது வழிக்குத்தான் போவேன். வண்டியை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பது இங்கே வசதி. அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, அதை வைத்துப் பதிவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடலாம். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், அப்படிச் செய்தால் பதிவேட்டில் வண்டி உயிரோடுதான் இருக்கும். பால்காரருக்கு அது பிழைப்பு வண்டி என்பதையும் மறக்க வேண்டாம். வாங்கிய 6,000 ரூபாயோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

அவர் வண்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார், ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றால், 2018இல் விற்றுவிட்டேன் என்ற விவரத்தோடு ஆர்.டி.ஓ.வுக்குக் கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டு வரும்படி தபாலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது, கவுன்ட்டரில் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கடிதம் மட்டும் உங்களை முழுக்கக் காப்பாற்றாது. ஆனால் கையில் ஒன்றுமே இல்லாமல் தீர்ப்பாயத்தில் போய் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கார்: திருட்டு இல்லை, ஆனால் முழு பில்லும் கடன் இல்லை

திருட்டு வழக்கு நிற்காது. நீங்களே மனமுவந்து ஒப்படைத்த வண்டி அது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு ஒர்க்ஷாப்காரருக்கு ஓர் உரிமை கொடுத்திருக்கிறது. பிறர் பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தி வேலை செய்தவர், உரிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்திருக்கலாம். பட்டை தீட்டக் கொடுத்த வைரம் அந்தச் சட்டமே காட்டும் உதாரணம். உங்கள் காரும் அந்த வரிசையில்தான் வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டேஷனுக்குப் போனால், "சிவில் மேட்டர் சார், கோர்ட்ல பாத்துக்கங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

ஆனால் சட்டம் 'உரிய' கூலி என்றுதான் சொல்கிறது. கேட்கிற கூலி என்று சொல்லவில்லை. நீங்கள் சம்மதித்தது கிளட்ச் வேலைக்கு. பம்பும் இன்ஜெக்டரும் உங்களைக் கேட்காமல் பார்த்த வேலை. ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருப்பது இங்கேதான். பலவீனம் எங்கே என்றால், நீங்களே எழுதியிருக்கும் ஒரு வாக்கியத்தில்: "பார்த்துச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்." ஐயா, அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒர்க்ஷாப் மேலாளர் மனதுக்குள் சிரித்திருப்பார். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் அவருடைய வக்கீல் முதலில் எடுத்து வைப்பதும் அதைத்தான். வண்டியை விடும்போது கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டில், அதாவது வேலைச் சீட்டில், என்ன எழுதியிருந்தது என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் 35 வருடத்துக்கு மேல் ஒரு கையெழுத்தும் போடாதவர், ஜாப் கார்டில் மட்டும் படிக்காமல் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: ஒர்க்ஷாப்புக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் எல்லாம் இந்தக் கட்டத்தில் வேண்டாம், உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும். கிளட்ச் வேலைக்குப் பேசிய 14,000 ரூபாயை இன்றைக்கே தரத் தயார் என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். மற்ற வேலைகளுக்கு நான் எப்போது, யாரிடம் சம்மதம் சொன்னேன் என்று கேளுங்கள். ஜாப் கார்டு நகல், பாகம் வேறு கூலி வேறாகப் பிரித்த பில், கழற்றிய பழைய பாகங்கள் மூன்றையும் கேளுங்கள். பழைய ஃப்யூவல் பம்பைக் காட்டச் சொன்னதுமே சில பில்கள் தானாக இறங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோல் விஷயத்தில் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கலாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து 2011ஆம் வருடக் கார் செய்யப்படவில்லை. மைலேஜ் கொஞ்சம் குறையும், எரிபொருள் போகும் பாதையில் பழைய ரப்பர் பாகங்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் உங்கள் காரின் பம்ப் அதனால்தான் போனது என்பதைச் சொன்னவர்தான் காட்ட வேண்டும். இதற்காக அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போடலாமா என்று ஓரத்தில் பென்சிலில் கேட்டிருக்கிறீர்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. அதை விட்டுவிடுவோம்.

கடிதத்துக்கு ஒரு வாரம் வரை பதில் இல்லை என்றால், கார் அங்கே கிடந்து கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நிற்கிற காருக்குப் பேட்டரியும் டயரும் எதிரி என்றால் எலி அதைவிடப் பெரிய எதிரி. என் அப்பாவின் காரில் இரண்டு மாதத்தில் ஒயரிங் முழுவதையும் கடித்துத் தீர்த்தது. பணத்தைக் கட்டிக் காரை எடுங்கள். ஆனால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கு வழியாகக் கட்டுங்கள். பில்லின் இரண்டு பிரதியிலும் "கூடுதல் வேலைகளுக்கு என் சம்மதம் இல்லை, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். கோப்பில் ஆட்சேபக் குறிப்பு எழுதுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே எடுத்த கையோடு இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டி, புதுப் பம்ப் உண்மையிலேயே போட்டிருக்கிறார்களா, அதற்கு என்ன விலை ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சில நேரம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை, இதைச் சொன்னதற்காக என் சக வக்கீல்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. இரண்டு வருடத்துக்குள் மனுவைப் போட்டுவிட வேண்டும். பொருளைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைப் போல எத்தனை மடங்கு ஆகும் என்பது அந்த ஊர் ஆணையத்தைப் பொறுத்தது.

அதனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். தகராறில் இருப்பது 24,450 ரூபாய். பழைய பாகங்களைக் காட்டுகிறார்கள், புதியதும் நிஜமாகவே போட்டிருக்கிறார்கள், நடுவில் ஒரு தொகைக்கு இறங்கியும் வருகிறார்கள் என்றால் சமாதானமாகப் போய்விடுங்கள். காட்ட மறுத்தால் மட்டும் ஆணையத்துக்குப் போங்கள், அப்போது உங்கள் கை ஓங்கியிருக்கும்.

15 வருடம், 70 வயது

இரண்டுமே தவறான தகவல். டிவியில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது டெல்லிச் செய்தியாக இருக்கும். 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்ற பிரச்சினை தலைநகர்ப் பகுதியைச் சேர்ந்தது. 15 வருடம் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரலில் வந்த விதி அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு. தமிழ்நாட்டில் உங்கள் சொந்தக் காரை வயதைக் காரணம் காட்டி யாரும் உடைக்க மாட்டார்கள். படிவம் 25இல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, தகுதியாக இருந்தால் அடுத்த ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். காலாவதி ஆவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அதாவது செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். பசுமை வரியும் உண்டு. பழைய வண்டிகளுக்கான கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் புரோக்கர் சொல்கிற தொகையை நம்பாமல் பரிவாகன் தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பாருங்கள்.

லைசென்ஸுக்கு அதிகபட்ச வயது என்று எதுவும் சட்டத்தில் இல்லை. 55 வயதுக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிப்பார்கள், டாக்டரிடம் படிவம் 1ஏ என்ற உடல்தகுதிச் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டவிட்டால் மட்டும் மறுபடியும் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். அந்த வயதில் அது வேண்டாத வேலை. ராத்திரியில் எதிர்வண்டி லைட் கண்ணைக் கூசுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிவத்துக்காகப் பார்க்கும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கண்புரையாக இருந்தால் சின்ன அறுவை சிகிச்சை, மறுநாளே வீட்டில் இருக்கலாம்.

விவாதம், வாட்ஸ்அப், பென்ஷன்

கேபிள் கட்டணம் கட்டுவதால் விவாதத்தில் பேசுகிறவரின் பேச்சுக்கு நீங்கள் நுகர்வோர் ஆகிவிட மாட்டீர்கள். அந்த வழக்கு போன வேகத்தில் திரும்பி வரும். ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பு விதிகளை மீறுகிறது என்று நினைத்தால், முதலில் அந்தச் சேனலின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 2021ஆம் வருடக் கேபிள் விதிகளின்படி அவர்கள் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு போகலாம். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வார்த்தை என்று குறிப்பாக எழுதினால்தான் மதிப்பு. "எல்லோரும் கத்துகிறார்கள்" என்பது புகார் ஆகாது, அது விமர்சனம். ஆனால் அந்த 320 ரூபாயில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேண்டிய கட்டணச் சேனல்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் முறை 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. யாரும் பார்க்காத பேக்கேஜை நீக்கச் சொல்லுங்கள். நீக்குமுன் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் அது வேறு வழக்காகிவிடும்.

பென்ஷன் பற்றி மகன் சொன்னது மிகை. அரசு ஊழியர் அரசியலில் ஈடுபடக்கூடாது என்ற நடத்தை விதி பணியில் இருக்கும்வரைதான். நீங்கள் இன்றைக்கு எந்தக் கட்சியிலும் சேரலாம், யாரையும் விமர்சிக்கலாம். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் 'வருங்கால நன்னடத்தை' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது என்பதும் உண்மைதான். அது கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கும் கடும் ஒழுங்கீனம் செய்தவருக்கும். வாட்ஸ்அப்பில் முதலமைச்சரையோ பிரதமரையோ திட்டினால் பென்ஷன் நிற்காது.

180 பேரில் யாரோ ஒருவர் போடும் பதிவுக்கு அட்மின் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பதும் தவறு. பாம்பே, கேரள உயர் நீதிமன்றங்கள் அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லிவிட்டன. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021இல் அதே வழியில்தான் சொன்னது.

ஆனால் நீங்களே அனுப்பிய அந்தக் கார்டு வேறு விஷயம். "நான் எழுதவில்லை, வந்ததை ஃபார்வர்டு செய்தேன்" என்ற பதில் இப்போது எடுபடாது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி, அதன் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று சொல்லிவிட்டது. மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. கார்டில் இருந்தது ஒரு தலைவர் சொல்லாத வார்த்தை என்றால் அவதூறு. சாதி, மதப் பகையைத் தூண்டுகிற மாதிரி இருந்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 பிரிவுகள் வரை போகும். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் அது இந்த இரண்டாம் வகையில் வராது. அதனால் இன்றே, முடிந்தால் அதை நீக்கி, அதே குழுவில் "நான் அனுப்பிய கார்டு பொய்யானது, சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு" என்று எழுதுங்கள். நீக்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் இருக்கும் அந்தப் பழைய சகாவுக்கு மெசேஜ் வேண்டாம், போனே போடுங்கள். ஒரே பிரிவில் எதிரெதிர் மேசையில் இருந்தவர் என்கிறீர்கள், பேசினால் முடிந்துவிடும்.

இனிமேல் கார்டு வந்தால் ஒரே ஒரு வேலை போதும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே கார்டு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். லோகோவும் எழுத்துருவும் அச்சு அசலாகப் போலி செய்கிறார்கள், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வில்லங்கச் சான்று போடாமல் யாரையாவது சொத்து வாங்க விட்டிருப்பீர்களா?

உங்கள் கடிதத்தில் கார்டு அனுப்பிய நேரத்தையும் எழுதியிருந்தீர்கள்: இரவு 8:20. வராண்டாவில் இருந்த நேரம். இரண்டாவது டிவி வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது சட்ட ஆலோசனை இல்லை: வாங்க வேண்டாம். விவாதங்களைச் சேனல்காரர்களே யூடியூபில் போட்டுவிடுகிறார்கள், மறுநாள் காலை காபியோடு பார்க்கலாம், பாதியில் ஓட்டியும் விடலாம். 8 மணிக்கு உள்ளே போய் உட்காருங்கள். சீரியல் கதை உங்களுக்குப் புரியாது, கேட்டால் அவர் சொல்வார்.

ஒர்க்ஷாப் கடிதத்தை இந்த வாரத்துக்குள் எழுதினால் போதும். ஸ்கூட்டர் அதுவரை காத்திருக்காது. நாளைக் காலை பால் கொண்டு அந்தப் பையன் வந்தால், பதிலுக்குக் கையசைத்து அனுப்பிவிடாதீர்கள். வண்டியை உங்கள் வாசலிலேயே நிறுத்தச் சொல்லி, அவன் அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள்.